பழவேற்காட்டு மகிமை மாதா: 1515ஐத் தேடிப் போன கதை

பழவேற்காடு போய்ட்டு வந்தேன் என்று சொன்னால் நண்பர்கள் கேட்கும் கேள்வி இரண்டுதான். ஒன்று, நண்டு வாங்கினியா? இன்னொன்று, பூநாரை பார்த்தியா? இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனால் இந்த முறை நான் போனது ஒரு மாதா கோயிலைப் பார்க்க. 1515ல் போர்த்துக்கீசியர் கட்டியது, சென்னை மயிலை உயர் மறைமாவட்டத்திலேயே மிகப் பழைய கோயில் என்று பல இடங்களில் படித்திருந்தேன். திருவள்ளூர் மாவட்டத்தில், வீட்டிலிருந்து காலையில் கிளம்பினால் சாயங்காலம் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் ஐந்நூறு வருஷத்துக் கோயில் இருக்கிறது என்றால் சும்மா இருக்க முடியுமா?

போகும் வழி எளிது. சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்ரயில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, பழவேற்காடு பஸ் பிடிக்க வேண்டும். காலை ரயிலில் பாதிப் பேர் வழியில் இருக்கும் கம்பெனிகளுக்கும் சிப்காட்டுக்கும் ஷிப்ட் பிடிக்கப் போகிறவர்கள். பொன்னேரி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வயல் முடிந்து, உப்புக்காற்று வந்து, ஏரி தெரியும். ஏரி என்று சொல்கிறோமே தவிர, அது கடலோடு முகத்துவாரத்தில் கலக்கும் உவர்நீர்க் காயல். இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாகப் பெரியது.

மகிமை மாதா திருத்தலத்தைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. கேட்ட முதல் ஆளே கை காட்டினார். ஆனால் வாசலில் நின்றதும் ஏமாற்றம். கண் முன்னால் நின்றது புத்தம் புதுக் கட்டிடம். இந்த நூற்றாண்டின் தொடக்க வருஷங்களில் பழைய கோயிலை இடித்துவிட்டார்கள். மரபு ஆர்வலர்கள் வருத்தப்பட்டு எழுதியதெல்லாம் உண்டு. எனக்கும் செய்தி தெரியும். ஆனாலும் ஏதாவது ஒரு சுவர், ஒரு வளைவு மிச்சம் இருக்கும் என்று மனசுக்குள் ஒரு நப்பாசை.

வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் கேட்டேன்.

“பழைய கோயில் எங்கம்மா இருந்துச்சு?”

“இதான் தம்பி. இந்த எடந்தான்.”

“இது புதுசாச்சே?”

“கட்டடத்தத்தான மாத்துனாங்க? கோயிலயா மாத்துனாங்க?” என்றார், நான் ஏதோ புரியாமல் பேசுகிறேன் என்பதுபோல.

அப்போது இதை ஒரு சமாதானமாகத்தான் எடுத்துக்கொண்டேன். மத்தியானம் டச்சுக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்த பிறகு யோசனை வேறு பக்கம் போனது. அந்த யோசனையைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

1515ல் இங்கே யார் இருந்தார்கள்?

இன்றைக்குப் பழவேற்காடு ஒரு மீனவர் ஊர். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கிருஷ்ணதேவராயர் ஆட்சியில் இருந்த விஜயநகரப் பேரரசின் முக்கியமான கிழக்குத் துறைமுகம். உள்நாட்டில் நெய்த துணி இங்கிருந்து கப்பலேறி பர்மாவுக்கும் மலாக்காவுக்கும் போனது. போர்த்துக்கீசியர் 1511ல் மலாக்காவைப் பிடித்தார்கள். அங்கே மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வேண்டுமானால் கையில் சோழமண்டலத் துணி இருக்க வேண்டும். வெள்ளி கொடுத்தால் கூடப் பல தீவுகளில் அவ்வளவு மதிப்பு இல்லை, துணிதான் செல்லும். அதனால் மலாக்கா போன போர்த்துக்கீசியர் பழவேற்காட்டுக்கும் வந்து சேர்ந்தார்கள்.

இப்படி வந்தவர்கள் எல்லாரும் அரசாங்கப் படை என்று நினைத்துவிடக் கூடாது. கோவாவில் இருந்த நிர்வாகத்தின் கை இந்தக் கரையில் நீளமாக இல்லை. படையில் இருந்து விலகியவர்கள், சொந்தமாக வியாபாரம் செய்தவர்கள், உள்ளூர்ப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டு குடித்தனம் நடத்தியவர்கள் என்று கலவையான ஒரு கூட்டம். கோட்டையும் இல்லை, ஆளுநர் மாளிகையும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்குப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும், கல்யாணம் செய்து வைக்கவும், செத்தால் புதைக்கவும் ஓர் இடம் வேண்டும். பங்குக் கோயில் பிறப்பது இப்படித்தான்.

இதில் எனக்குப் பிடித்த சம்பவம் ஒன்று. 1517ல் மலாக்காவிலிருந்து திரும்பிய சில போர்த்துக்கீசியர் பழவேற்காட்டில் இறங்குகிறார்கள். கூட வந்தவர்கள் அர்மீனிய வியாபாரிகள். “பக்கத்தில்தான் தோமா அப்போஸ்தலரின் வீடு இருக்கிறது, வந்து பாருங்கள்” என்று அந்த அர்மீனியர்தான் அவர்களை மயிலாப்பூருக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே பாழடைந்து கிடந்த கோயிலையும் கல்லறையையும் பார்க்கிறார்கள். தியோகோ ஃபெர்னாந்தஸ் என்பவர் அந்தக் குழுவில் ஒருவர். பல வருஷம் கழித்து 1533ல் நடந்த விசாரணையில் அவரே சாட்சி சொல்லியிருக்கிறார். 1520களில் மயிலாப்பூரில் பழுதுபார்க்கும் வேலை தொடங்கியது. சாந்தோம் குடியிருப்பு வளர்ந்தது. கொஞ்ச காலத்தில் அது பழவேற்காட்டையே தாண்டிவிட்டது. 1606ல் மயிலாப்பூர் தனி மறைமாவட்டமானது.

ஆக, இன்றைக்குப் பேராலயமாக நிற்கும் சாந்தோமுக்குப் போன பாதை பழவேற்காட்டுத் துறையிலிருந்துதான் தொடங்கியது. சென்னைக் கிறிஸ்தவ வரலாற்றில் இந்த ஊருக்கு இருக்கும் இடம் இது. ஆனால் சாந்தோம் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

1515 என்ற ஆண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பங்கின் மரபு சொல்லும் ஆண்டு. மயிலாப்பூர் லஸ் கோயிலில் 1516 என்று கல்வெட்டே இருக்கிறது. அந்தக் கோயில் உண்மையில் அவ்வளவு பழையதா, பிற்பாடு கட்டியதா என்று ஆராய்ச்சியாளர்கள் வாதாடியிருக்கிறார்கள். கல்வெட்டு இருக்கும் கோயிலுக்கே இந்த நிலை. பொதுவாக ஒன்று நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கோயில் முகப்பில் எழுதியிருக்கும் வருஷம் பெரும்பாலும் அந்த இடத்தில் வழிபாடு தொடங்கிய வருஷம். கண்ணுக்கு முன்னால் நிற்கும் சுவரின் வயசு அல்ல. இந்தக் கரையில் முதலில் எழுந்தவை பெரும்பாலும் மண்சுவரும் ஓலைக்கூரையுமாக இருந்திருக்கும். காசு சேர்ந்ததும் செங்கல், சுண்ணாம்பு. பிறகு பெரிதாக்கல், ஓடு மாற்றல், முகப்பு மாற்றல். புயலும் உப்பும் சும்மா விடாது. 1517ல் அந்தப் போர்த்துக்கீசியர் இங்கே இறங்கினார்கள் என்பது உறுதி. அந்தக் காலத்தில் ஒரு வழிபாட்டு இடம் இருந்ததாக மரபு சொல்வது பொருந்தித்தான் வருகிறது.

கோயிலின் பெயரிலும் ஒரு சுவாரசியம். போர்த்துக்கீசியர் வைத்த பெயர் ‘நொஸ்ஸா செஞோரா தோஸ் ப்ரஸெரெஸ்’. மகிழ்ச்சிகளின் அன்னை என்று பொருள். மரியாளின் ஏழு மகிழ்ச்சிகளைக் கொண்டாடும் ஒரு பக்தி மரபு இது. போர்த்துகல்லில் இதற்கான திருநாள் ஈஸ்டருக்கு அடுத்து வரும் ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை. இன்றைக்குத் தமிழில் மகிமை மாதா. மகிழ்ச்சி எப்படி மகிமையானது? இரண்டு சொல்லின் ஒலியும் நெருக்கமாக இருப்பதால் வாய்வழியில் ஒன்று இன்னொன்றாகியிருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம்தான், அடித்துச் சொல்லவில்லை.

சாவி கொடுத்த திறப்பு

மாதா கோயிலைப் பார்த்துவிட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தேன். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கேட் பூட்டியிருந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தபின் காவலர் சாவி கொண்டுவந்து திறந்தார். உள்ளே போகும்போதுதான் உறைத்தது: சாவி என்பதே போர்த்துக்கீசியச் சொல்தானே!

வாசல் வளைவின் இரு பக்கமும் இரண்டு எலும்புக்கூட்டு உருவங்கள் நிற்கின்றன. நீயும் ஒரு நாள் இப்படித்தான் என்று வருகிறவருக்கு நினைவூட்டுவது அந்தக் கால ஐரோப்பியக் கல்லறைகளில் வழக்கம். உள்ளே 76 கல்லறைகள். சில தரையோடு கிடக்கும் பெரிய கற்பலகைகள். குடும்பச் சின்னமும் டச்சு எழுத்தும் இன்றைக்கும் விரலால் தடவிப் படிக்கும் அளவுக்குத் தெளிவு. சில ஊசிக் கோபுரங்கள். சில, மண்டபம் போலக் குவிமாடம் வைத்தவை. 1897ல் அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியல் அதிகாரி சென்னை மாகாணத்து டச்சு நினைவுச் சின்னங்களைப் படம் வரைந்து ஒரு பெரிய நூலாகவே வெளியிட்டார். 1905ல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்தார். அதனால் ஒரு கல் உடைந்தாலும் அதில் என்ன எழுதியிருந்தது என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது.

இவர்கள் வந்த கதை சுருக்கமாக. பதினேழாம் நூற்றாண்டின் முதல் பத்து வருஷத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கரைக்கு வந்தது. அதுவும் துணிக்காகத்தான். அப்போது விஜயநகர அரசர் இரண்டாம் வெங்கடர். பழவேற்காடு அவருடைய ராணியின் பொறுப்பில் இருந்தது. அனுமதி கிடைத்தது. சாந்தோம் போர்த்துக்கீசியருக்கு வயிறு எரிந்தது. 1612ல் படையெடுத்து வந்து டச்சுக் கிட்டங்கியை அழித்தார்கள். அடுத்த வருஷமே, 1613ல், கெல்த்ரியா கோட்டை எழுந்துவிட்டது. 1690 வரை சோழமண்டல டச்சுக்காரருக்கு இதுதான் தலைமையிடம். இங்கே நாணயம் அடித்தார்கள், வெடிமருந்து செய்தார்கள். பிறகு தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போனது. 1781ல் நாகையை ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். 1824 ஒப்பந்தப்படி 1825ல் பழவேற்காடும் கைமாறியது. கோட்டை இருந்த இடம் இன்றைக்கு முள்புதர் மண்டிய மேடு.

கல்லறைக் கற்களைப் பார்த்து அசந்து போகும்போது, அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்றும் கேட்டுவிட வேண்டும். துணி ஒரு பகுதி. ஆள் பிடித்து விற்றதும் ஒரு பகுதி. பதினேழாம் நூற்றாண்டில் இந்தக் கரையில் பஞ்சம் வந்தபோதெல்லாம், சோற்றுக்கு வழியில்லாமல் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்கள், பிடித்து விற்கப்பட்டவர்கள் கப்பலில் ஏற்றப்பட்டு பத்தேவியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். பத்தேவியா என்பது இன்றைய ஜகார்த்தா. பழவேற்காடு இந்த வியாபாரத்தின் முக்கியமான துறை.

இங்கே பங்குக் கோயில் கதை எதிர்பாராத விதமாகத் தொடர்கிறது. இந்தியக் கரைகளிலிருந்து பத்தேவியாவுக்குப் போன அடிமைகளில் பலர் பிற்பாடு விடுதலை பெற்றார்கள். கிறிஸ்தவர்களாக, போர்த்துக்கீசியம் பேசுகிறவர்களாக அவர்கள் ஒரு தனிச் சமூகமானார்கள். மார்தைக்கர் என்று பெயர். மலாய் மொழியில் சுதந்திரத்துக்குச் சொல்லும் ‘மெர்தேகா’ இந்தச் சொல்லோடு ஒட்டியதுதான். அவர்களுக்காக நகர மதிலுக்கு வெளியே 1695ல் கட்டி முடிக்கப்பட்ட போர்த்துக்கீசியக் கோயில் இன்றைக்கும் ஜகார்த்தாவில் இருக்கிறது. கெரெஜா சியோன் என்று பெயர். இன்றும் வழிபாடு நடக்கும் கோயில்களில் அந்த நகரத்திலேயே பழையது. சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுபோன மக்களின் சந்ததியும் அதன் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறது. பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கு ஒரு கல் கூடக் கிடையாது.

மொழி விட்டுப்போனது

டச்சுக்காரர் காலத்திலும் இங்கே ஒரு திருச்சபை இருந்தது. அபிரகாம் ரோகேரியஸ் என்ற போதகர் 1630களில் தொடங்கிச் சுமார் பத்து வருஷம் பழவேற்காட்டில் இருந்தார். டச்சுக்காரராக இருந்தும் இந்த ஊர் மக்களிடம் பேசவும் பிரசங்கம் பண்ணவும் அவர் கற்றுக்கொண்டது போர்த்துக்கீசியம்! அரசியலில் போர்த்துக்கீசியர் தோற்று ஒரு தலைமுறை ஆகியும், கரையோரத்தின் பொது மொழி அவர்களுடையதாகத்தான் இருந்தது. பத்மநாபன் என்ற பிராமணரோடு ரோகேரியஸ் உரையாடியதும் அந்த மொழியில்தான். அந்த உரையாடல்களிலிருந்து இந்து சமயப் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய நூல், அவர் இறந்தபின் 1651ல் லைடன் நகரில் அச்சானது. பர்த்ருஹரியின் நீதி சதகமும் வைராக்கிய சதகமும் அதில் டச்சு மொழியில் வந்தன. சமஸ்கிருத இலக்கியம் ஐரோப்பிய மொழியில் அச்சேறியதற்கு இதுவே முதல் எடுத்துக்காட்டு என்று சொல்வார்கள். தரங்கம்பாடிக்கு சீகன்பால்கு வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னால் நடந்த சங்கதி இது.

அவ்வளவு படித்த போதகர் இருந்த சபை இன்றைக்கு எங்கே? இல்லை. டச்சு வழிபாடு கோட்டையை ஒட்டி, கம்பெனிச் சம்பளத்தை ஒட்டி நடந்தது. குமாஸ்தா, சிப்பாய், அவர்கள் குடும்பம், அவர்களை அண்டி வாழ்ந்தவர்கள். கொடி இறங்கியதும் சம்பளம் நின்றது, சபையும் கரைந்தது. மாதா கோயிலுக்குப் பின்னால் அப்போது கோட்டையும் இல்லை, கம்பெனியும் இல்லை. ஆனால் அது ஊரோடு கலந்துவிட்டது.

மொழியில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, ஏலம், பாதிரி, மேஸ்திரி எல்லாம் போர்த்துக்கீசியர் விட்டுப்போனவை. வீட்டுக்குள் புழங்கும் சொற்கள். டச்சுக்காரர் விட்டுப்போனதில் நமக்கு நன்றாகத் தெரிந்தவை இரண்டு: துட்டு, கக்கூஸ். சிரிப்பாக இருந்தாலும், யார் வீட்டுக்குள் வந்தார்கள், யார் கணக்கோடு நின்றார்கள் என்று இது ஓரளவு சொல்லிவிடுகிறது.

ஊர்ப் பெயர்களும் அப்படியே. காயலைச் சுற்றியிருக்கும் குப்பங்களின் பெயரைக் கேளுங்கள்: கோட்டைக்குப்பம், நடூர் மாதா குப்பம், ஜமீலாபாத். கோட்டை, மாதா, இஸ்லாம் மூன்றும் வரிசையாக வந்துவிடுகின்றன. காயலில் எந்த ஊர்க்காரர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்துக்கொள்ளும் ‘பாடு’ என்ற வழக்கம் இந்தக் குப்பங்களில் தலைமுறைகளாக இருக்கிறது. கோட்டை மேடாகிவிட்டது; கோட்டைக்குப்பம் இருக்கிறது. துணி வியாபாரமும் அப்படித்தான். பழவேற்காட்டுப் பெயரைத் தாங்கிய பளையகாட் சாரத்தை இலங்கையிலும் மலேயாவிலும் கட்டினார்கள். கப்பல் நின்றுபோன பிறகும் பெயர் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படியானால் இடித்தது சரியா?

இப்போது பாட்டி சொன்னதற்கு வருகிறேன். ஒரே ஊரில் இரண்டு விதமான பழமை எதிரெதிரே இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் கல் அப்படியே இருக்கிறது. மெழுகுவர்த்தி ஏற்ற யாரும் வருவதில்லை. மாதா கோயிலில் பழைய கல் இல்லை, ஆட்கள் இருக்கிறார்கள். ஞானஸ்நானம், கல்யாணம், கொடியேற்றம், தேர், நவம்பர் 2ந் தேதி கல்லறைத் திருநாள் எல்லாம் நடக்கிறது. கோயில் என்பது இரண்டில் எது?

சட்டம் இந்த வித்தியாசத்தை இன்னும் கூர்மையாக்குகிறது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்புப் பட்டியலில் ஒரு நினைவுச் சின்னம் வந்துவிட்டால், அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டவே முடியாது. அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். பட்டியலில் இல்லாத, பூசை நடக்கும் கோயிலுக்கு இப்படி எதுவும் இல்லை. யாரும் வராத கல்லறைக்கு வேலி உண்டு. வாரா வாரம் கூட்டம் நிற்க இடமில்லாமல் தவிக்கும் கோயிலை அந்தப் பங்கே இடித்துக் கட்டிக்கொள்ளலாம்.

பங்கு மக்களின் பக்கம் நியாயம் இருக்கிறது. கூரை ஒழுகும். உப்பு ஏறி சுவர் பொரிந்து விழும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை. சிமெண்டைப் பூசினால் உள்ளே ஈரம் தங்கி இன்னும் கெடும். திருவிழாவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வெயிலில் நிற்பார்கள். ‘பழமையைக் காப்பாற்றுங்கள்’ என்று சென்னையிலிருந்து வந்து சொல்லிவிட்டு மத்தியான பஸ்ஸில் திரும்புகிற என்னைப் போன்றவர்கள் அந்த ஒழுகலின் கீழ் முழங்கால் போடுவதில்லை. இது என் மீதே எனக்கிருக்கும் குறை.

ஆனாலும் பாட்டி சொன்னதை முழுசாக ஒப்புக்கொள்ளவும் மனசு வரவில்லை. கட்டிடம் வெறும் கட்டிடம் அல்ல. எந்தச் சுவர் எப்போது சேர்க்கப்பட்டது, செங்கல் என்ன அளவு, சுண்ணாம்பில் சங்கு சேர்த்தார்களா, தரைக்கு அடியில் யார் புதைக்கப்பட்டார்கள் என்பதெல்லாம் சுவரும் தரையும் மட்டுமே சொல்லக்கூடிய விஷயங்கள். எழுதி வைக்காத மக்களுக்கு அதுதான் ஆவணம். டச்சுக்காரர் பெயர் கல்லில் இருக்கிறது, ரீ வரைந்த படத்தில் இருக்கிறது, காட்டன் தொகுப்பில் இருக்கிறது. இந்தப் பங்கில் ஐந்நூறு வருஷமாக முழங்கால் போட்ட மீனவருக்கும் நெசவாளிக்கும் அந்த வசதி இல்லை. அவர்கள் கையால் சுண்ணாம்பு இடித்துப் பூசிய சுவர்தான் அவர்கள் விட்டுப்போன கையெழுத்து. அது போனால் நஷ்டம் சென்னை ஆர்வலருக்கு அல்ல, அந்தப் பாட்டிக்குத்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க, சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம். 1680ல் அர்ப்பணிக்கப்பட்டது. அங்கே சுவரும் இருக்கிறது, சபையும் இருக்கிறது, 1680லிருந்து தொடங்கும் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளும் இருக்கின்றன. 1753ல் ராபர்ட் கிளைவுக்கு அங்கேதான் கல்யாணம் நடந்தது. மூன்றும் சேர்ந்து தப்பியதற்குக் காரணம், அதைச் சுற்றி ஓர் அரசாங்கமே உட்கார்ந்திருந்தது. குப்பத்துப் பங்குக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது.

ஆகவே ‘இடிக்கலாமா கூடாதா’ என்ற சண்டைக்கு முன்னால் செய்ய வேண்டிய சின்ன வேலைகள் இருக்கின்றன என்று நினைக்கிறேன். பெரிய செலவு இல்லாதவை. இடிக்கத்தான் வேண்டும் என்று பங்கு முடிவு செய்தால், அதற்கு முன் ஒரு வாரம் டேப் பிடித்து அளந்து வரைபடம் போடலாம். எல்லாப் பக்கமும், தரையும் கூரையும் உட்பட, போட்டோ எடுக்கலாம். கல்லறைக் கற்களில் உள்ள எழுத்தைப் படியெடுக்கலாம். பழைய பீடத்தில் ஒரு துண்டு, ஒரு தூண், கொஞ்சம் செங்கல் புதுக் கோயில் வளாகத்திலேயே ஒரு மூலையில் வைத்து, இது இன்ன வருஷம் இங்கே இருந்தது என்று ஒரு பலகை எழுதலாம். பதிவேடுகளை ஸ்கேன் பண்ணலாம். 1563ல் திரெந்து சங்கம் ஆணையிட்டதிலிருந்து ஒவ்வொரு பங்கும் திருமணத்தையும் ஞானஸ்நானத்தையும் பதிந்து வைக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். சாதாரணக் குடும்பங்களின் பெயர் தொடர்ச்சியாகக் கிடைக்கும் இடம் தமிழ்நாட்டில் வேறு எது? அந்த நோட்டு கறையானுக்குப் போனால் எந்தக் கட்டிடத்தை வைத்தும் ஈடுசெய்ய முடியாது.

போகிறவர்கள் கவனிக்க

பழவேற்காட்டோடு நின்றுவிட வேண்டியதில்லை. திருவள்ளூர் மாவட்டத்தின் இன்னொரு கோடியில், பேரம்பாக்கம் பக்கம், கீழச்சேரி இருக்கிறது; ஆந்திரப் பக்கமிருந்து வந்து குடியேறிய தெலுங்கு பேசும் கத்தோலிக்கக் குடும்பங்களின் ஊர். ஒரு பங்கு எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க ஐந்நூறு வருஷம் பின்னால் போகவும் வேண்டாம். மின்ரயிலில் போய்க் கும்மிடிப்பூண்டியில் இறங்குங்கள். 1990லிருந்து இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம் இருக்கும் ஊர். சிப்காட் வந்தபிறகு வேலைக்காகப் பல மாநிலத்து ஆட்களும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். கடல் தாண்டி வந்தவர்களும் பிழைக்க வந்தவர்களும் சேர்ந்து கும்பிட ஓர் இடம் தேடுவது அன்றைக்குப் பழவேற்காட்டில் நடந்ததுதான், இன்றைக்கும் நடக்கிறது. அவர்களுடைய ஷீட் கூரைக் கோயிலை யாரும் போட்டோ எடுத்து வைப்பதில்லை.

நான் இப்போதெல்லாம் ஒரு பழைய பங்குக் கோயிலுக்குப் போனால் முகப்பை மட்டும் பார்த்துவிட்டு வருவதில்லை. முதலில் கொடிமரம், பிறகு பின்பக்கம். பின்பக்கச் சுவரில்தான் எந்தப் பகுதி எப்போது ஒட்டியது என்ற தையல் தெரியும். அப்புறம் மணி; அதில் வார்த்த வருஷமும் ஊரும் இருக்கும். தரையில் கல்லறைக் கல் இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுப் படிப்பேன். கடைசியாக, பூசை நேரம் இல்லாதபோது உபதேசியாரிடமோ பூ கட்டும் அம்மாவிடமோ கொஞ்ச நேரம் உட்காருவேன். பதிவேடு பார்க்க வேண்டுமானால் முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் கேட்டு, அவர் சொன்ன நாளில் போவதுதான் மரியாதை.

திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. மறுபடி மாதா கோயில் பக்கம் போனேன். பாட்டி கட்டி முடித்த பூவைத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். பழைய கோயில் போட்டோ ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். மகள் கல்யாண ஆல்பத்தில் இருக்கும், பின்னால் கோயில் தெரியும், அடுத்த தடவை வந்தால் எடுத்து வைக்கிறேன் என்றார்.

உங்கள் வீட்டு ஆல்பங்களையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்காமல், அவர்களுக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். இன்றைக்கு இல்லாத ஏதாவது ஒரு கோயில் முகப்பு அகப்பட்டால், எந்த ஊர், எந்த வருஷம் என்று போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள்.